சுவரோரம் வைத்த சரம்

அக்டோபர் 3, வெள்ளி

பக்கத்து வீட்டுத் தமயந்தி காலையிலேயே ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். சித்திரையில் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவள். தபால் ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாய் இருக்கிறது. செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். அதற்கு சூரி என்று மனுஷப் பெயர் வேறு.

காகிதத்தில் இருந்தது இதுதான்: தீபாவளிக்குத் தெருவுக்குள் யாரும் சத்த வெடி வெடிக்கக் கூடாதாம். வெடித்தே தீருவேன் என்பவர்கள் தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்துக்குப் போக வேண்டுமாம். கீழே பதினோரு வீட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து அய்யலுசாமி. தெருச் சங்கச் செயலாளர்! போன வருஷம் என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிலடித்தவன்.

கோவில்பட்டியில் இந்த ஆசிரியர் காலனி மூன்றாம் தெருவில் தீபாவளி என்றால் அது பெருமாள் சார் வீட்டு வெடிதான், என் வெடிதான். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து நின்று பார்ப்பார்கள். நேற்று வந்தவள் என்னை மைதானத்துக்குப் போகச் சொல்கிறாள்.

"முடியாது" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். உதடு பிரியாமல் பேசுகிற ஜென்மம். "கொஞ்சம் வாயைத் திறந்து பேசும்மா" என்றேன். அவள் என் மனைவி ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை என்னைப் பார்த்தாள்.

"நாய் பயப்படுதாம்ங்க" என்றாள் ஆவுடை.

"நாயைக் கேட்டுக்கிட்டா நரகாசுரனைக் கொன்னாங்க?" என்றேன். தமயந்தி காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒவ்வொரு வருஷமும் முதல் வெடிக்கு முன்னால் தெருச் சனத்துக்குப் பத்து நிமிஷம் வெடியின் வரலாறு சொல்வேன். இந்த வருஷத்துக்குக் குறிப்பு எடுத்தேன்.

சீனாக்காரன் முதலில் பச்சை மூங்கிலைத் தூக்கித் தீயில் போட்டான். கணுக்களுக்கு நடுவே அடைபட்டிருந்த காற்று சூடேறி மூங்கில் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு மலைப் பேய்கள் ஓடிவிடும் என்று நம்பினான். அப்புறம்தான் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த மருந்து வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதன் அங்கே நடந்த வாணவேடிக்கையைப் பார்த்து மலைத்துப்போய் எழுதி வைத்திருக்கிறான். நம் பக்கத்துக் கதையோ நூறு வருஷம்தான். சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் படித்துவிட்டு வந்தார்கள். மழை இல்லாத கரிசல் காடு, விவசாயத்துக்குச் சாபம். மருந்து காய வைக்க வரம். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு.

எழுதியதை ஆவுடைக்குப் படித்துக் காட்டினேன். ஏதோ முனகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் முனகல்தான். டி.வி.யிலும் அதே கதை. செய்தி வாசிக்கிறவர்களுக்கு உச்சரிப்பே கிடையாது. நான் சத்தத்தைக் கூட்டுகிறேன், அவள் வந்து குறைக்கிறாள்.

அக்டோபர் 8, புதன்

சிவகாசிக்குப் போய்ப் பட்டாசு வாங்கி வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மரியாதை கெட்டவன். "எங்க எறங்கணும்னு எத்தன தடவ பெரியவரே கேக்கிறது?" என்று தோளைத் தட்டினான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை அவன். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கடை முதலாளி பழைய பழக்கம். பின்பக்கப் பொட்டலுக்குக் கூட்டிப்போய் இந்த வருஷத்துப் புதுச் சரக்கை ஒவ்வொன்றாகக் கொளுத்திக் காட்டினார். புஸ்வாணம் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, வெள்ளையாகத் தொடங்கிச் சிவப்பாகி, நுனியில் பச்சையாகச் சிதறியது. பகல் வெளிச்சத்திலேயே அந்த அழகு. பிறகு அணுகுண்டு ஒன்று வைத்தார்.

அதை எப்படி எழுதுவது! காலடியில் தரை ஒரு முறை அதிர்ந்தது. அடுத்த கணம் சத்தம் நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழுந்தது. சுத்தமான சத்தம். இழுவை இல்லை, குழறல் இல்லை. இந்த உலகத்தில் இன்னமும் திருத்தமாகப் பேசுகிறது இது ஒன்றுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொன்னேன்.

பத்தாயிரம் வாலா சரம் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். இதுவரைக்கும் ஐயாயிரத்தைத் தாண்டியதில்லை. இந்த வருஷம் தாண்டத்தான் வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

மருந்தில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு அணுகுண்டு வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான். ஈரம் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

தமயந்தி வாசலில் நின்று கத்தினாள். நேற்று வெடித்த வெடிக்கு நாய் கம்பிக் கதவில் மோதி, கால் நகம் பிய்ந்து, வீடெல்லாம் ரத்தமாம். கையில் ரத்தம் காய்ந்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை என் முகத்துக்கு நேரே ஆட்டுகிறாள்.

"அர மணி நேரம் ஊளையிட்டுச்சு சார்! நீங்க எட்டிக்கூடப் பாக்கல. ரெண்டாவது வேற வைக்கிறீங்க!"

கோபத்தில் பேசினால் மட்டும் இவளுக்கு வார்த்தை நன்றாக வருகிறது.

"ஊளையா? ஒரு குரைப்புச் சத்தம்கூட வரல. பொய் சொல்லாத" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சந்திலேயேதான் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் ஊளையிட்டால் தெரியாதா? இரண்டு வெடிக்கும் நடுவில் அத்தனை அமைதி.

அவள் போன பிறகு ஆவுடை சொல்கிறாள், "நானும் கேட்டேங்க. பாவமா இருந்திச்சு."

ஆக, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். மத்தியானம் அவள் அந்த வீட்டுக்குப் போய் வருவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். மீன் தலையைப் பாத்திரத்தில் போட்டு முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம். நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

முதலில் அய்யலுசாமி எழுந்து அரசாங்கம் தீபாவளியன்று காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்தான் அனுமதித்திருக்கிறது என்று வாசித்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் வீட்டு எல்லைக்குள் நான் என்ன வெடிக்கிறேன் என்பது என் இஷ்டம் என்றேன். பிறகு வரலாறு தெரியாமல் பேசக் கூடாது என்று சொல்லி, மூங்கில் கதையிலிருந்து தொடங்கினேன்.

தமயந்தி குறுக்கே எழுந்தாள். "சார், நீங்களே சொல்லுதீங்க. வெடி பொறந்ததே வெரட்டுறதுக்குன்னு. பேய் ஓடுச்சோ இல்லையோ, காது இருக்க சீவனெல்லாம் ஓடுது. அதத்தான் நானும் சொல்றேன்."

சிரித்தார்கள். என்னிடம் படித்தவன்கள் நாலு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தான்கள், அவன்களும் சிரித்தான்கள்.

"இந்தத் தெருவுக்கு நேத்து வந்தவ நீ. உன் நாய்க்காக ஊரு அடங்கணுமா?" என்று கேட்டேன். அவள் அய்யலுசாமி பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால் புரியவில்லை. "என்ன சொன்னா? மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு!" என்றேன்.

திரும்பினாள். எல்லோர் முன்னாலும், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"சாருக்குக் காது கேக்கலன்னு சொன்னேன். அதான் நாய் அழுதது தெரியலன்னு சொன்னேன். தப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அய்யலுசாமி, ஆவுடை, எல்லாரும்.

எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் கடைசி பெஞ்சில் எவன் குசுகுசுத்தாலும் பெயர் சொல்லி எழுப்பியவன் நான்.

அக்டோபர் 13, திங்கள்

ஆவுடையோடு பேச்சு இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

அவளாகவே வந்து பேசினாள். திருநெல்வேலியில் நல்ல காது டாக்டர் இருக்கிறாராம், அவள் தம்பி விசாரித்து வைத்திருக்கிறானாம். ஆக, அவள் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

"போன தீபாவளிக்குக் கைப்பக்கத்துல அணுகுண்டு வெடிச்சதுல இருந்துதாங்க. அதுக்கு முந்தியும் கொஞ்சம் இருந்துச்சு. ஒரு தடவ காட்டிட்டு வந்தா என்ன?"

போன வருஷம் ஒரு வாரம் காதில் ரீங்காரம் இருந்தது உண்மைதான். அவ்வளவுதான். நான் சொன்னேன், கேட்கவில்லை என்றால் அது பேசுகிறவர்கள் வாயில் இருக்கிற கோளாறு. அவள் மறுபடி ஏதோ தொடங்கினாள். காபி டம்ளர் கீழே விழுந்துவிட்டது. சுவரில் கொஞ்சம் காபி பட்டிருக்கிறது. துடைக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மதுரையிலிருந்து மகள் சங்கரி இந்தத் தீபாவளிக்கு வரவில்லை. மாப்பிள்ளைக்கு ஆபீசில் லீவு இல்லையாம். ஆவுடைதான் போனில் பேசினாள், எனக்கு விஷயத்தை மட்டும் சொன்னாள். போன வருஷம் பேத்தி வெடிக்குப் பயந்து பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று மூத்திரம் போய்விட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லீவுதான் காரணம்.

அக்டோபர் 19, ஞாயிறு

சரத்தை எங்கே விரிப்பது என்று அளந்து பார்த்தேன். வாசலில் விரித்தால் பாதிதான் கொள்ளும். சந்தில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி விரித்தால் முழுசும் கொள்ளும். சுவர் ஆள் உயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் அவளுடைய துணி துவைக்கிற இடம். சுவர் என் செலவில் கட்டியது, பட்டா என் பெயரில் இருக்கிறது. சுவரோரம்தான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியற்காலையில் எண்ணெய்க் குளியல். ஆறு மணிக்குக் கொஞ்சம் லட்சுமி வெடி. ஆவுடை இட்லியும் கறிக்குழம்பும் வைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மழை மூட்டம் இருக்கிறது. ஏழு மணிக்குள் விலகிவிடும்.

அக்டோபர் 21, செவ்வாய்

ராத்திரி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஏழு மணிக்கெல்லாம் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட பதினோரு வீட்டிலும் பாதிப்பேர் வந்திருந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்? பூந்தொட்டியும் சக்கரமும் முதலில். அதன் பிறகு ராக்கெட். ஒரு ராக்கெட் மேலே போய்த் தங்கக் கம்பிகளாகப் பிரிந்து, கம்பிகள் கீழே வர வர ஒவ்வொன்றும் நுனியில் நீலமாக வெடித்தது. எல்லோரும் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வருஷம் முழுவதும் இருக்கிறேன்.

ஆவுடை கூட்டத்தில் இல்லை. பார்த்தேன். உள்ளே பலகாரத் தட்டு எடுத்து வைக்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏழே முக்காலுக்குச் சந்துக்குள் போனேன். "சரத்துக்கு வைக்கப் போறேன், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று குரல் கொடுத்தேன். கூட்டம் சந்து முகப்பில் நின்று கையை ஆட்டிக் கூச்சல் போட்டது. வருஷா வருஷம் போடுகிற கூச்சல்தான். சுவரைப் பார்த்துக் குனிந்து ஊதுவத்தியால் திரியைத் தொட்டேன்.

மூன்று நிமிஷம் இருக்கும். சுவர் பூராவும் நெருப்பு ஓடியது. சத்தம் என் எலும்புக்குள் ஓடியது. அப்படி ஒரு சத்தத்தை இந்தத் தெரு கேட்டதில்லை.

முடிந்து புகை விலகியபோது யாரும் கைதட்டவில்லை. அய்யலுசாமி என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். என்னோடு இருபது வருஷம் பழகினவன், சட்டையைப் பிடித்தான்.

அவர்கள் என்னைச் சுற்றி நின்று கத்தியதை வைத்துத்தான் மீதியை எழுதுகிறேன். ராக்கெட் போனபோதே நாய் மிரண்டு வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, சுவரோரம் துவைகல்லுக்குப் பின்னால் இடுக்கில் போய்ப் புகுந்துகொண்டதாம். தமயந்தியும் ஆவுடையும் அதை வெளியே இழுக்கப் பார்த்திருக்கிறார்கள். ஆவுடை சாயங்காலத்திலிருந்தே அங்கேதான் நாய்க்குத் துணையாக இருந்திருக்கிறாள். நான் சந்துக்குள் குரல் கொடுத்ததும் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏங்க, வைக்காதீங்க! நான் இங்கதான் இருக்கேன், வைக்காதீங்க!" என்று கத்தினாளாம். தெரு முழுக்கக் கேட்டதாம். கூட்டம் போட்டது விழாக் கூச்சல் இல்லையாம், என்னை நிறுத்தச் சொல்லித்தான் கத்தினார்களாம்.

ஆவுடை வெளியே வந்தாள். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு சிவந்துகொண்டே வந்தது. பயத்தில் நாய் அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு, கேட்டைத் தாண்டி ஓடிப்போய்விட்டது. அவள் புடவையில் இரண்டு மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்தது.

அய்யலுசாமி என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்: "சார், அக்கா கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தமயந்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டுமா வச்சீங்க?"

"ஆமா. கேட்டுத்தான் வச்சேன்."

வேறு என்ன சொல்வது? அந்தப் பெண்பிள்ளை முன்னால் வைத்து வேறு என்ன சொல்ல முடியும்?

ஆவுடை அழவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தமயந்தியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 22, புதன்

ஆவுடைக்கு நாய்க்கடி ஊசி முதலாவது போட்டாகிவிட்டது. மீதி ஊசிகளை மதுரையில் போட்டுக்கொள்வாளாம். மருமகன் காரில் வந்து கூட்டிப்போனார். என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லீவு கிடைத்திருக்கிறது போல.

அரிசி எங்கே இருக்கிறது, புளி எங்கே இருக்கிறது என்று ஆவுடை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். கையெழுத்து கோணல். இடது கையால் எழுதியிருக்கிறாள்.

அக்டோபர் 25, சனி

நாலு நாளாக மழை. சந்தில் காகிதச் சருகு ஊறிச் சிவப்புக் கூழாகக் கிடக்கிறது. கூட்டி அள்ளினேன். பால்காரன் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான். மணி அடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு, தினமும் அடிக்கிறேன் என்று சாதிக்கிறான்.

தெருவில் எவனும் வணக்கம் வைப்பதில்லை. பொண்டாட்டி அலறக் கேட்டுக்கொண்டே வெடி வைத்தவன். அதுதான் இப்போது என் பெயர். வைத்துவிட்டுப் போகட்டும். செவிடன் என்று கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுவார்களே, அதற்கு இது மேல். இதிலாவது கொஞ்சம் பயம் இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

சங்கரி போன் செய்தாள். போனில் ஒரே இரைச்சல். "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

தமயந்தி நாயைக் காணவில்லை என்று படம் போட்டு அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தேடுகிறாளாம். என் கேட்டிலும் ஒன்று. வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறாள். கிழித்து எடுத்தேன். குப்பையில் போடவில்லை. படத்தில் அது வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது.

அக்டோபர் 29, புதன்

உடம்புக்கு நடை நல்லது. காலையில் ரயில்வே லைன் வரை நடந்தேன், அங்கிருந்து ஓடைப் பாலம் வரைக்கும். பசித்தால் தின்னலாம் என்று ஒரு பாக்கெட் பிஸ்கட். பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாயங்காலம் எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

நவம்பர் 1, சனி

பைபாஸ் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். முள்ளுக்காட்டுக்குள் செம்பட்டையாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. ரோட்டைக் கடந்தேன்.

யாரோ பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். ஜல்லி லாரி ஒன்று என் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. இழுத்தது ஆடு மேய்க்கிற பொம்பிளை. முகம் வெளிறிப் போயிருந்தது. வாயைப் பார்த்தேன்.

"எம்புட்டு நேரம் ஆரன் அடிச்சான்! செத்திருப்பீரேய்யா!"

டிரைவர் இறங்கி வந்தான். திட்டத்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். காதைத் தொட்டுக் காட்டி, இல்லையா என்று கையை விரித்தான். ஊமைக்குச் சைகை காட்டுவது போல. நான் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

முள்ளுக்காட்டில் அசைந்தது ஒரு பழைய சாக்கு.

அவன் ஹாரன் அடித்திருக்கிறான். அது எனக்குக் கேட்கவில்லை. ஆவுடை கத்தியிருக்கிறாள். அதுவும் கேட்கவில்லை. இதை எழுதுவதற்கு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் இவ்வளவுதான் இருக்கிறது. இரண்டு வரி.

நவம்பர் 3, திங்கள்

நாயைக் கண்டுபிடித்தேன்.

நாலாட்டின்புதூர் போகிற வழியில் மூடிக் கிடக்கிற ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது, முன்பு தீப்பெட்டி செய்த இடம். பின்பக்கச் சுவர் இடிந்து கிடக்கும். அதற்குள் உடைந்த மரச்சட்டங்களுக்கு அடியில் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். முன்னங்கால் வீங்கியிருந்தது. பிஸ்கட்டை நீட்டினேன். பல் தெரிந்தது, மேலுதடு நடுங்கியது. உறுமுகிறது என்று கண்ணால் தெரிந்துகொண்டேன். ஓர் அடி கிட்டே போனேன். அது இன்னும் உள்ளே நகர்ந்து, சுவரோடு ஒட்டி, நின்றபடியே மூத்திரம் பெய்தது.

நான் இருந்தால் அது வராது. பிஸ்கட்டை உடைத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தெருவுக்கு வந்தேன்.

தமயந்தி கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் சாத்தப் போனாள். "நாய் இருக்கு. உசுரோட இருக்கு. வா" என்றேன். ஆட்டோவில் அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் இடிந்த சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அவள் உள்ளே போய்த் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். பத்து நிமிஷம் அப்படியே கிடந்தாள். நாய் வயிற்றால் தவழ்ந்து, நின்று, மறுபடி தவழ்ந்து அவள் கழுத்துக்குள் மூக்கை வைத்தது. அவள் முதுகு குலுங்கியது.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொன்னாள். நாயின் தலை அவள் வாயை மறைத்திருந்தது.

"எனக்குக் காது கேக்கல" என்றேன். "அன்னிக்கும் கேக்கல. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க."

கூட்டத்தில் அவளே சொன்ன விஷயம்தான். ஆனாலும் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாயை ஆட்டோவில் படுக்க வைத்தாள். பையிலிருந்து அந்தக் காணவில்லை நோட்டீஸ் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதி என் கையில் திணித்தாள். ஆட்டோ அவளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் நடந்துதான் வந்தேன்.

எழுதியிருந்தது: 'இதை ஆவுடை அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம். இனிமேல் என் வாசலில் வந்து நிற்காதீர்கள்.'

நவம்பர் 6, வியாழன். மதுரை

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். சங்கரி கதவைத் திறந்தாள், விலகி வழி விட்டாள், வாங்கப்பா என்று சொன்னதாகத் தெரியவில்லை. பேத்தி என்னைப் பார்த்ததும் அடுத்த அறைக்கு ஓடிவிட்டது.

ஆவுடை பால்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டு இல்லை. மணிக்கட்டில் நாலு பல் தடம், கருநீலம். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நாய் கெடச்சிருச்சு" என்றேன். தலையை ஆட்டினாள். தெரிந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கல ஆவுடை. கேட்டுச்சுன்னு சொன்னது பொய்" என்றேன்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பேசினாள். பிடிபடவில்லை. மறுபடி சொன்னாள். பாதி வந்தது. மூன்றாவது தடவை என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அந்தக் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கேக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்! நாலு வருசமாத் தெரியும்! காது கேக்காத மனுசன் கூட நான் இருந்துருவேன். செவிடன்னு பேரெடுக்கிறதுக்கு, பொண்டாட்டியக் கொளுத்துனவன்னு பேரெடுக்கிறது மேலுன்னு நெனச்சீங்க பாருங்க, அந்த மனுசன் கூட எப்படிங்க இருக்கிறது?"

பக்கத்து பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்விட்டாள். வெங்காயத்தை எடுத்து உரித்தேன். ஐந்தாறு உரித்திருப்பேன். அவள் தடுக்கவில்லை.

சாயங்காலம் சங்கரி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். நாளைக்குப் பத்தரை மணிக்குக் காது டாக்டர். போகிறேன் என்றேன். ஆவுடை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ கூட வாரியா?" என்று கேட்டேன்.

அவள் உதடு அசைந்தது. கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போய் நின்று, மறுபடி சொல்லச் சொன்னேன்.